தொட்டியில் உப்புப் பூத்தால் ரோஜா பூக்காது

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை எந்த ஊரில் கேட்டாலும், ரோஜா வைத்துப் பார்த்தவர்கள் ஏறத்தாழ ஒரே கதையைத்தான் சொல்வார்கள். வாங்கி வந்த அன்று நான்கு பூவும் ஆறு மொட்டுமாக நின்ற செடி, இரண்டாவது மாதத்தில் இலையோரம் கருகி, மூன்றாவது மாதத்தில் வெறும் குச்சியாகிவிட்டிருக்கும். பழியை எல்லோரும் வெயிலின் மேல் போடுகிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. மே மாதத்தில் மதுரை 40 டிகிரியைத் தொட்டுக் காயும் நாட்களிலும் பாம்பனில் வெப்பம் பெரும்பாலும் 35 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது. அந்த மதுரையின் மொட்டை மாடிகளில் ரோஜா பூக்கத்தான் செய்கிறது. நம் பக்கத்தில் செடியைத் தின்பது உப்பு. அது தண்ணீரில் வருகிறது, காற்றில் வருகிறது, நாம் ஆசையாக வாங்கிப் போடும் தென்னை நார்க்கழிவிலும் உரத்திலும் வருகிறது. வரும் வழிகளை அடைத்துவிட்டால், நான்கு தொட்டி வைக்கும் அளவு மாடியோ முற்றமோ உள்ள வீட்டில்கூடச் சிவப்பு ரோஜாவை அதிக மெனக்கெடல் இல்லாமல் வளர்க்கலாம்.

உப்பு செய்கிற வேலை மிகவும் மறைமுகமானது. மண்ணில் உப்பு ஏற ஏற, ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாமல் போகிறது; உள்ளே போன சோடியமும் குளோரைடும் இலையின் நுனியிலும் ஓரத்திலும் சேர்ந்து அங்கேயே திசுவைக் கருக்குகின்றன. பார்ப்பவருக்கு அது தாகம்போலத் தெரியும். உடனே அதே கிணற்றுத் தண்ணீரை இன்னும் ஒரு வாளி ஊற்றுவார். செடி மேலும் கருகும்.

எந்த ரோஜாவைத் தேர்வது

சிறிய இடத்துக்கு என் தேர்வு சிவப்புப் பட்டன் ரோஜாதான். நர்சரிகளில் இதை மினியேச்சர் என்றும் சொல்வார்கள். ஒன்று அல்லது ஒன்றரை அடி உயரத்தில் புதராக நிற்கும். பூ ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, கொத்துக் கொத்தாக வரும். பத்து அங்குலத் தொட்டி போதும். மணம் அநேகமாக இருக்காது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பன்னீர் ரோஜாவின் வாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதை வாங்குபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஆந்திரா சிவப்பு ரோஜா நல்ல உழைப்பாளிதான், ஆனால் நான்கைந்து அடி வளர்ந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் காற்றில் தலையை நீட்டும். கடைகளில் பூங்கொத்துக்கு வரும் நீண்ட தண்டு ரோஜா வகைகளோ, கவாத்தும் மருந்தும் சரியாகக் கிடைக்காவிட்டால் கோபித்துக்கொள்பவை. இடைப்பட்ட அளவில் வேண்டுமென்றால், கொத்தாகப் பூக்கும் புளோரிபண்டா வகைகளில் குட்டையான சிவப்பைக் கேட்டு வாங்கலாம். அதற்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு அங்குலத் தொட்டி தேவைப்படும்.

பட்டன் ரோஜா ஆண்டு முழுவதும் விட்டுவிட்டுப் பூப்பது, அதன் முன்னோர்களான சீனத்து ரோஜாக்களிடமிருந்து வந்த குணம். ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை பூத்து ஓய்பவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்து வகைகள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தடுத்துப் பூக்கும் ரோஜாக்களும் ஆழ்ந்த சிவப்பு நிறமும் அங்குப் பரவின. குட்டை ரோஜாக்களில் உலகப் பெயர் பெற்ற முதல் சிவப்பு வகைகளில் ஒன்றான டாம் தம்ப், ஹாலந்துக்காரர் ஒருவர் உருவாக்கி 1936-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. இந்தக் குட்டைச் செடிகளில் நமக்குப் பயன்படும் இன்னொரு குணம், இவை பதியனிலும் குச்சியிலும் எளிதாக வேர்விடும் என்பது. சொந்த வேரில் நிற்கும் செடியில் ஒட்டுக்குக் கீழிருந்து காட்டுக்கிளை எழும் தொல்லை இல்லை. மேற்பகுதி கருகிப்போனாலும் அடியிலிருந்து அதே ரோஜாதான் துளிர்க்கும்.

வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் பொடித் தூசியும் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் சிலந்திப்பேன் ஏற்கெனவே குடியேறிவிட்டது என்று பொருள். அடியிலிருந்து மூன்று தண்டாவது கிளம்பியிருக்க வேண்டும். நம் ஊருக்கு வரும் செடிகளில் பல ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்தும் லாரி ஏறி வருபவை. நல்ல தண்ணீரும் நிழல்வலையும் பழகியவை. அவற்றை வந்த அன்றே மாடி வெயிலில் வைப்பது கொடுமை. பத்து நாள் காலை வெயில் மட்டும் படும் இடத்தில், வந்த பையிலேயே இருக்கட்டும்.

தண்ணீர்

இந்தப் பகுதியை மட்டும் படித்தால்கூடப் போதும் என்பேன். ரோஜா உப்பைத் தாங்காத செடிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. நாக்கில் கரிக்கிற தண்ணீர் அதற்கு ஆகாது என்பது எளிதில் புரியும். கரிக்காத தண்ணீரிலும் உப்பு இருக்கும் என்பதுதான் பலருக்கும் பிடிபடுவதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளந்து காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் பேனா ஒன்றை வாங்கி, வீட்டில் வருகிற ஒவ்வொரு தண்ணீரையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 500-க்குக் கீழே காட்டினால் தயங்காமல் ஊற்றலாம். 500-க்கும் 1000-க்கும் இடையில் இருந்தால் தொட்டியை அவ்வப்போது அலசிவிடும் பழக்கத்தோடு சமாளிக்கலாம். 1000-ஐத் தாண்டிய தண்ணீரை ரோஜாவுக்குக் காட்டாதீர்கள். அதைச் செம்பருத்திக்கோ போகன்வில்லாவுக்கோ விட்டுவிடுங்கள். ஒருமுறை அளந்தால் போதும் என்று இருந்துவிடவும் கூடாது. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதந்து நிற்பது. கோடையில் மோட்டார் போட்டு இறைக்க இறைக்க அடியிலுள்ள உப்பு மேலேறும். தை மாதத்தில் 600 காட்டிய கிணறு வைகாசியில் வேறொரு கிணறாக இருக்கும்.

குடிநீர்க் குழாயில் வருவதைச் செடிக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது, ஊற்றவும் கூடாது. ஆனால் வீட்டில் யாரும் கணக்கில் எடுக்காத நல்ல தண்ணீர் ஒன்று இருக்கிறது: ஏசியிலிருந்து சொட்டுவது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீராவதால் அதில் உப்பு ஏறக்குறைய இருக்காது; நம் கடற்கரைக் காற்றின் புழுக்கத்துக்கு, இரவு முழுவதும் ஓடும் ஏசி ஒன்று காலையில் ஒரு வாளியை நிரப்பிவிடுகிறது. நான்கு பட்டன் ரோஜாத் தொட்டிகளுக்கு அது தாராளம். இதற்கு நேர்மாறானது ஆர்ஓ கருவியின் கழிவுநீர். வீணாகிறதே என்று அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறவர்கள், கருவி பிரித்தெடுத்த உப்பையெல்லாம் திரட்டித் தொட்டியில் கொட்டுகிறார்கள். நானும் ஓராண்டு அதைச் செய்தேன். இரண்டு செடிகள் போன பிறகே பேனாவை அந்த வாளியில் நனைத்துப் பார்க்கத் தோன்றியது.

மற்றது மழை. தமிழ்நாட்டில் வீடுகளில் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமானது 2003-இல். பெரும்பாலான வீடுகளில் அந்தக் குழாய் இன்றும் நேராகத் தரைக்குள் இறங்குகிறது. அதிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து 200 லிட்டர் டிரம் ஒன்றுக்குக் கொண்டுவாருங்கள். பத்துச் சதுர மீட்டர் மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர் கிடைக்கும் என்பது கணக்கு. முதல் மழையின் தண்ணீரை விட்டுவிட வேண்டும், ஏனெனில் மாதக்கணக்கில் மாடியில் படிந்த கடலுப்பும் தூசியும் அதில்தான் கரைந்து வரும். டிரம்மின் வாயில் கொசுவலையை இறுக்கிக் கட்டாவிட்டால் ரோஜாவோடு டெங்குவும் வளரும்.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் ஊற்றுகிற முறை ஒன்றுதான்: அடித்துளை வழியாகக் கொஞ்சம் வடிகிற அளவுக்கு முழுமையாக ஊற்றி, மேல்மண் விரல்கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகு மறுபடி ஊற்றுவது. தினமும் ஒரு டம்ளர் தெளிப்பது உப்பை மேலேயே தேக்கி வைக்கும் வழி. அடியில் தட்டு வைத்திருந்தால் வடிந்ததை உடனே கொட்டிவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் மாதம் ஒருமுறை ஏசி நீரையோ மழைநீரையோ சேர்த்துவைத்து, தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான அளவை மெதுவாக மூன்று தவணையாக ஊற்றி அலசிவிட வேண்டும். மண்தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூக்கத் தொடங்கினால் அலச வேண்டிய நாள் தவறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, பிளாஸ்டிக்கைவிட மானாமதுரை மண்தொட்டி எனக்குப் பிடிக்கும்: உள்ளே நடப்பதை வெளியே எழுதிக் காட்டிவிடும். காற்று அதிகமுள்ள மாடியில் மண்தொட்டி சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதும் உண்மை. சிமெண்டுத் தொட்டியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதிலிருந்து கரையும் சுண்ணாம்பு நமக்கு வேண்டாத ஒன்று.

தொட்டிக் கலவை

கடற்கரை மணலை எடுத்து நிரப்ப வேண்டாம். அதில் உப்பும் சிப்பித்தூளும் இருக்கும். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பவளச் சுண்ணாம்பும் சேர்ந்திருக்கும். ரோஜாவுக்குப் பிடித்த கார அமிலநிலை (pH) 6 முதல் 6.5 வரை, சுண்ணாம்பு மணலில் அது எட்டைத் தாண்டிவிடும். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசலும் தொட்டிக்குள் களிப்பாக இறுகிவிடும். செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு என்பது நான் பின்பற்றும் அளவு. அடியில் ஓட்டுச்சில்லுக்குப் பதிலாக, நம் மாவட்டத்தில் தாராளமாகக் கிடைக்கும் சீமைக்கருவேலக் கரியை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, பொடியைக் கழுவிவிட்டுப் போடலாம். கரிதான் போடலாம், சாம்பலைப் போடக் கூடாது. அடுப்புச் சாம்பல் காரமும் உப்புமாகக் கரையும்.

நார்க்கழிவு விஷயத்தில் அவசரம் ஆகாது. கோகோபீட் என்று கட்டியாக விற்கப்படுவதில் உப்புப் போகக் கழுவியதும் உண்டு, கழுவாததும் உண்டு. உறையில் எதுவும் எழுதியிருக்காவிட்டால் கழுவாதது என்றே கொள்ளுங்கள். கட்டியை வாளியில் ஊறவைத்து, மறுநாள் சாக்கில் பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். பிழிந்த தண்ணீரில் டிடிஎஸ் பேனாவை வைத்துப் பாருங்கள். ஊற்றின தண்ணீரின் அளவுக்குப் பக்கத்தில் வரும்வரை, பொதுவாக மூன்று முறையாவது, இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். முதல் பிழிசலில் பேனா காட்டும் எண்ணைப் பார்த்தால், உங்கள் பழைய செடிகள் எதனால் போயின என்பது சிலருக்கு அப்போதே விளங்கிவிடும்.

காற்றும் இடமும்

ராமேஸ்வரத்தில் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் பாக்ஜலசந்திப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் ஆண்கடல் கொந்தளித்து, அதன் துவலை காற்றோடு ஊருக்குள் ஏறும். ஐப்பசிக்குப் பின் வாடை தொடங்கினால் மறுபக்கத்தின் முறை. கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் இருப்பவர்கள் தொட்டிகளை வீட்டின் வடகிழக்கு மூலையில் வைத்தால் கச்சானுக்கு வீடே மறைவாகும். காலை வெயிலும் கிடைக்கும், பிற்பகல் வெயிலும் தணியும். ரோஜாவுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும், அது காலை வெயிலாக இருப்பது உத்தமம். தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்தில் உள்ளவர்கள் வாடைக்காலத்தில் தொட்டிகளை ஒருமுறை இடம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கீழக்கரையின் பழைய வீடுகளில் நடுவே திறந்த முற்றம் இருக்கிறதே, வெயில் இறங்கி காற்று இறங்காத அந்த இடத்தைவிடச் சிறந்த ரோஜாத் தோட்டம் இந்தக் கரையில் கிடையாது.

மாடியில்தான் வைக்க முடியும் என்றால், காற்று வரும் திசையில் பனையோலைத் தட்டியோ தென்னங்கிடுகோ கட்டுங்கள். தகரத்தையும் பிளாஸ்டிக் தாளையும் கட்டாதீர்கள். முழுதாக அடைத்த மறைப்பின் மேலேறும் காற்று அதற்குப் பின்னால் சுழன்று இறங்கிச் செடியை முன்னைவிட மோசமாக உலுக்கும். ஓலைத் தட்டியோ, பாதிக் காற்றை உள்ளே விட்டு அதன் வேகத்தைக் குறைத்துவிடும். இருந்தாலும் இலையில் உப்புப் படியத்தான் செய்யும். கச்சான் காலத்தில் வாரம் இருமுறை, காலை ஏழு மணிக்குள், நல்ல தண்ணீரை இலையின் இருபுறமும் படும்படி பீச்சிக் கழுவிவிடுங்கள். ஒரே வேலையில் சிலந்திப்பேனும் அடித்துக்கொண்டு போய்விடும். மாலையில் மட்டும் இதைச் செய்யக் கூடாது: கரும்புள்ளி நோயின் வித்துக்கள் முளைக்க இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும், இரவு முழுவதும் நனைந்த இலை அதற்கு வசதி செய்து கொடுக்கும்.

நடவும் பின்பும்

நடுவதற்கு ஏற்ற காலம் மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள். நர்சரிப் பையைக் கிழித்தால் உள்ளே கல்லுபோல் இறுகிய மண்கட்டி இருக்கும். அதை அப்படியே புதைத்தால் சுற்றியுள்ள பொலபொலப்பான கலவையில் ஊற்றும் தண்ணீர் கட்டிக்குள் நுழையாமல் வடிந்துவிடும். பையோடு அரை மணி நேரம் தண்ணீரில் வைத்து, வெளிப்புற மண்ணைக் கையால் மெல்லத் தளர்த்திவிட்டு நடுங்கள். ஒட்டுச்செடியானால் ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். மேல்மண்ணைக் காய்ந்த இலையாலோ நிலக்கடலைத் தொலியாலோ இரண்டு அங்குலத்துக்கு மூடிவைத்தால், ஈரம் ஆவியாகி உப்பு மேலேறுவது வெகுவாகக் குறையும்.

உரத்தில் கஞ்சத்தனம் நல்லது. மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், பூக்கும் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்த கரைசலைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுவது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். கடையில் சாம்பல் சத்து கேட்டால் மியூரேட் ஆப் பொட்டாஷைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் பாதிக்குப் பக்கம் குளோரைடு. சல்பேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். பச்சை மீனை உப்புப் போடாமல் கழுவியதானால் ஊற்றலாம், கருவாடு அலசியதை ஊற்றக் கூடாது. கரையில் ஒதுங்கும் கடற்பாசியையும் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே உரக்குழியில் சேர்க்க வேண்டும். முட்டை ஓடு வேண்டியதில்லை, சுண்ணாம்புக்கு நம் தண்ணீரில் பஞ்சமா என்ன. மாறாக, புதிய இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், சுண்ணாம்பு மிகுந்து இரும்புச்சத்துக் கிடைக்கவில்லை என்று பொருள். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு இரண்டு கிராம் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலையில் தெளித்தால் பத்து நாளில் நிறம் திரும்பும்.

கவாத்துக்குப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. உதிர்ந்த பூவை, அதற்குக் கீழே ஐந்து சிற்றிலைகள் கொண்ட முதல் இலைக்கு மேலாக வெட்டிக்கொண்டே வாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்த பிறகு, செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, காய்ந்ததையும் ஒன்றையொன்று உரசும் கிளைகளையும் நீக்குங்கள். மற்ற ஊர்களைப் பார்த்து அக்டோபரிலேயே வெட்டினால் புதிய வெட்டுவாயில் மழை இறங்கி நுனிக்கருகல் தொடங்கும். வெட்டிய ஏழெட்டு வாரங்களில், மாசி வாக்கில், செடி கொள்ளாத பூ வரும்.

பூச்சிகளில் மாவுப்பூச்சி கண்ணில் பட்டால் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முதல் மருந்து. அது பரவினால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்ப எண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து வெயில் சாய்ந்த பிறகு தெளிக்கலாம். கரும்புள்ளி விழுந்த இலைகளைப் பறித்து வீட்டுக்கு வெளியே போடுங்கள், தொட்டியிலேயே உதிரவிடாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தட்டியை அவிழ்த்து, மூடாக்கை அகற்றி, தொட்டிகளை இரண்டு மூன்று நல்ல மழை முழுதாகப் படும்படி திறந்த இடத்தில் வையுங்கள். வானத்திலிருந்து இறங்கும் அந்தத் தண்ணீர் ஓர் ஆண்டு சேர்ந்த உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். அடித்துளை அடைபடாமல் வடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஈராண்டுக்கு ஒருமுறை தை மாதத்தில் செடியை எடுத்து, வேரின் வெளிச்சுற்றை ஒரு விரல் அளவுக்குச் சீவிவிட்டு, புதிய கலவையில் அதே தொட்டியில் நடலாம். பழைய கலவையை மட்டும் தொட்டியிலிருந்து தட்டி வெளியே கொட்டி, மறு மழைக்கு நனையவிட்டு, கீரைப் பாத்திக்குக் கொடுத்துவிடுங்கள்.